இரண்டு அழிவுகளுக்கு இடையே ஒரு வீதி

செய்தித்தாளில் பணியாற்றிய காலமெல்லாம் பேரிடர்ப் படங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். இடிந்த சுவர், அழும் முகம், வரிசையாகக் கிடத்தப்பட்ட உடல்கள் என்று அவை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றிலிருந்து விலகி நிற்பது, ஆர்னோல்ட் கெந்தே 1906 ஏப்ரல் 18ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரின் சக்ரமெண்டோ வீதியில் எடுத்த ஒளிப்படம்.

அன்று அதிகாலை 5.12 மணிக்கு நிலம் அதிர்ந்தது. ஜெர்மனியிற் பிறந்து அந்நகரில் உருவப்பட நிலையம் நடத்திவந்த கெந்தேயின் கமராக்கள் சேதமடைந்தன. தெரிந்த வணிகர் ஒருவரின் கடையில் சிறிய கோடாக் கமரா ஒன்றைப் பெற்றுக்கொண்டு அவர் வீதியில் இறங்கினார்.

படத்தில் தெரிவது சரிவாக இறங்கும் வீதி. வலப்புறத்தில் ஒரு வீட்டின் முகப்பு பெயர்ந்து தெருவிற் கிடக்கிறது. வீதியின் கீழ்முனையில் புகை எழுந்து வானை மறைக்கிறது. ஆனால் மக்கள் ஓடவில்லை. சிலர் நாற்காலிகளில் அமர்ந்தும் சிலர் நின்றும் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நடக்க வேண்டியது நடந்து முடிந்துவிட்டது என்பது போன்ற அமைதி அது. உண்மையில் பெரிய அழிவு அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. நிலத்தடி நீர்க்குழாய்கள் உடைந்துவிட்டதால் தீயை அணைக்க நீரில்லை. நாட்கணக்கில் எரிந்த தீ அந்த வீதியையும் விழுங்கிற்று. கெந்தேயின் படநிலையமும் தப்பவில்லை. நிலநடுக்கமும் தீயுமாக 28,000 கட்டடங்கள் அழிந்தன. மாண்டோர் ஐந்நூறு பேருக்கும் குறைவு என்றே அரசுக் கணக்கு முதலில் கூறியது. ஏறத்தாழ 3,000 பேர் என்பது பிற்கால ஆய்வின் முடிவு.

இப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் கரையின் நினைவு எழும். சொறிக்கல்முனை, கடலைவிட்டு உள்ளே வயல்கள் சூழ்ந்த ஊர். கிழக்கே கடலோரத்தில் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது என்று ஊர்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமாத்திரா அருகே கடலடி நிலம் பிளந்தபோது இலங்கையில் காலை ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது. அலை இக்கரையை அடைய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாயிற்று. அந்த இடைவேளையில் இங்கே சுவர் எதுவும் சரியவில்லை, புகை எதுவும் எழவில்லை. வீதிகள் வழக்கம்போல இயங்கின.

ஹவாயிலுள்ள பசிபிக் எச்சரிக்கை நிலையம் கால் மணி நேரத்திலேயே நிலநடுக்கத்தைப் பற்றி அறிவித்துவிட்டது. ஆனால் இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பு எதுவும் அன்று இருக்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். நாட்டிலேயே மிகக் கூடிய இழப்பு இந்த மாவட்டத்துக்குத்தான்.

செய்தித்தாள்களில் வந்தவை அலைக்குப் பிந்திய வீதிகளின் படங்கள். அலைக்கு முந்திய அந்த ஒன்றரை மணி நேர வீதியை எவரும் செய்தியாகக் கருதியிருக்க முடியாது. ஆயினும் உயிர்களைக் காத்திருக்கக்கூடிய நேரம் அதுதான்.

2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. இம்முறை எச்சரிக்கை வந்தது. இலங்கைக் கரையோர மக்கள் உள்நோக்கி நகர்ந்தனர். பேரலை வரவில்லை. வீண் அலைச்சல் என்று அன்று முணுமுணுத்தோரும் உண்டு. அப்படி நான் நினைக்கவில்லை.

பாடசாலைகளில் பேரிடர் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கெந்தேயின் படத்தையும் மாணவருக்குக் காட்டலாம். அதில் அமர்ந்திருப்போர் அறிவிலிகள் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் அடியைத் தாங்கியவருக்கு அதுவே இறுதி அடி என்று தோன்றுவது மனித இயல்பு.