பெங்களூர் சுளுக்கெடுத்த கதை

சித்திரைப் பௌர்ணமி இரவில் பெங்களூரின் பழைய பேட்டை தூங்குவதில்லை. திகளர்பேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து மல்லிகைச் சரம் போர்த்திய கரகம் புறப்படும். உருவிய வாளோடு வீரகுமாரர்கள் அதைச் சூழ்ந்து வருவார்கள். கரகம் சுமப்பவரும் காவல் வருபவர்களும் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய திகள சமூகத்தினர். அந்த வீரகுமாரர்களுக்கு உடம்பைப் பழக்கித் தந்த இடம் கரடி மனை.

கரடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கன்னடத்தில் கரடி மனை என்றால் மல்யுத்தக்கூடம்; பழைய தமிழில் கரடிக்கூடம். நடுவே சலித்துப் பதப்படுத்திய செம்மண் குழி, ஒரு மூலையில் அனுமார் படம், சுவரோரம் கர்லாக்கட்டை. அங்கே கற்றுத் தரும் உஸ்தாத்தான் சுளுக்கும் எடுப்பார். தோள் பிடித்துக்கொண்டால் எண்ணெய் தேய்த்து நீவுவார், மூட்டை மடக்கி நீட்டுவார், பிறகு கட்டையைக் கொடுத்துச் சுற்றச் சொல்வார். வைத்தியமும் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ், ஒரே ஆளின் கையில் இருந்தன.

கன்னட நாட்டில் இதற்குப் பழைய சான்று உண்டு. கல்யாணியிலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் 12-ஆம் நூற்றாண்டில் தொகுத்த ‘மானசோல்லாசம்’, மல்லர்களைத் தயார் செய்வதைத் தனிப் பகுதியாகவே பேசுகிறது. எண்ணெய் தேய்த்துவிடுவதும் அரசனுக்குரிய சுகங்களில் ஒன்றாக அதில் இடம்பெறுகிறது. தமிழ்ச் சித்த மருத்துவமோ இந்தக் கைவேலைக்குத் தொக்கணம் என்று பெயர் வைத்து, ஒன்பதாகப் பிரித்தது: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். பட்டியலின் கடைசிச் சொல்லைக் கவனிக்க வேண்டும். அழுத்துவதோடு வேலை முடியவில்லை, அசைக்கவும் வேண்டும்.

20-ஆம் நூற்றாண்டில் இந்த மண்குழி மரபுக்குப் பெங்களூர் புதுச் சட்டை போட்டுவிட்டது. போட்டவர் கோலார்க்காரரான கே.வி. ஐயர். கன்னட நாவலாசிரியராகவும் பெயர் பெற்ற இவர், இரும்பு எடைகளையும் சூரிய நமஸ்காரத்தையும் ஒரே பாடத்திட்டத்தில் சேர்த்தார். 1930-இல் ‘மஸில் கல்ட்’, 1937-இல் ‘சூரிய நமஸ்கார்’ என்று ஆங்கிலத்தில் புத்தகங்கள் எழுதினார். மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. இன்றைய ஜே.சி. ரோட்டில் அவருடைய வியாயாமசாலை நிமிர்ந்தது. அவருடன் மேடைகளில் ஆசனம் செய்து காட்டிய எஸ். சுந்தரம் ஒரு தமிழர். ஆசனங்களைச் சிகிச்சையாகவே விளக்கி, ‘சுந்தர யோக சிகிச்சை’ என்று தமிழில் எழுதியவர். நோயாளி படுத்துக் கிடந்து குணமாக வேண்டியவர் அல்ல, அவரும் அசைந்து வேலை செய்ய வேண்டியவர் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை.

இதே எண்ணம் வேறு வழியாகவும் இந்தியாவுக்கு வந்தது. ஸ்வீடனில் பேர் ஹென்ரிக் லிங் 1813-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய உடற்பயிற்சி நிறுவனம், மருத்துவ அசைவுகளை ஒழுங்கான பாடமாக்கியது. இங்கிலாந்தில் 1894-இல் செவிலியர் நால்வர் மசாஜ் செய்பவர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். பின்னாளில் அதுவே பிசியோதெரபிஸ்டுகளின் சங்கமாக வளர்ந்தது. 1950-களின் தொடக்கத்தில், போலியோவின் அச்சத்துக்கு நடுவே, பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு இந்தியாவின் முதல் பிசியோதெரபி பள்ளி பிறந்தது. கரடி மனை உஸ்தாத் ஒரு பக்கம், வெள்ளைக் கோட்டு பிசியோ மறுபக்கம். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அவர்களை ஒரே வலிக்கு முன் கொண்டுவந்து நிறுத்தியது கம்ப்யூட்டர்.

1983-இல் இன்ஃபோசிஸ் பெங்களூருக்கு இடம்பெயர்ந்தது. 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் மௌஸ் பிடித்த கைகளின் நகரமானது பெங்களூர். கழுத்து இறுகியது, முழங்கை எரிந்தது, விரல்கள் மரத்துப்போயின. ஒரே சிறு அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் இந்த உபாதை புதிதல்ல. எழுத்தர்களின் கை ஓய்ந்துபோவதை இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-களின் தொடக்கத்திலேயே பதிவு செய்திருக்கிறார். 1980-களில் ஆஸ்திரேலியாவின் விசைப்பலகை ஊழியர்களிடையே அது பெரும் சர்ச்சையாகவே வெடித்தது.

அதே 1980-களில் அமெரிக்காவின் கொலராடோவில் மைக்கேல் லேஹி என்ற கைரோபிராக்டர் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சரிசெய்பவர்), ‘ஆக்டிவ் ரிலீஸ்’ என்ற முறையை வகுத்தார். விமானப்படையில் பொறியாளராக இருந்தவர். உடம்பையும் இயந்திரம் பார்ப்பதுபோல் பார்த்தார். முறை எளிது. முன்னங்கையின் உட்புறத் தசை இறுகியிருந்தால், மணிக்கட்டை உள்நோக்கி மடக்கி அந்தத் தசையைத் தளர்த்துவார்கள். இறுக்கமான இடத்தில் கட்டைவிரலை ஊன்றிப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு நோயாளியே முழங்கையை நீட்டி, மணிக்கட்டைப் பின்னால் மடக்க வேண்டும். ஊன்றிய விரலுக்கு அடியில் தசை நழுவி நீளும். தசைகளுக்கு நடுவே ஓடும் நரம்பும் அசைவோடு முன்பின் நகர வேண்டியதுதான். அந்த நகர்வு தடைபட்டால் மரப்பும் எரிச்சலும் வரலாம் என்பது இதன் அடிப்படைக் கருத்து.

இன்று பெங்களூரின் பிசியோ நிலையங்களில் இதுவும் இதைப் போன்ற பிற முறைகளும் புழங்குகின்றன. அதே தெருவில், எலும்பு முறிவுக்குப் போடும் ஆந்திரத்துப் புத்தூர்க் கட்டின் பலகையும் தொங்கக் காணலாம். ஆனால் எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பத் தேவையில்லை. ஆக்டிவ் ரிலீஸ் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிலரை வைத்து, சில வாரங்களுக்குச் செய்யப்பட்டவை. உள்ளே ஒட்டிக்கொண்ட தழும்பைக் கை உடைக்கிறது என்ற பழைய விளக்கத்தை ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. வலி குறைவது உண்மையாக இருக்கலாம். அதற்குச் சொல்லப்படும் காரணம் தவறாகவும் இருக்கலாம். கட்டுப் போடுவதிலும் ஆபத்து உண்டு. எலும்பு முறிவின் மேல் அளவுக்கு மீறி இறுக்கிய கட்டு, ரத்த ஓட்டத்தை நிறுத்தி விரலை, சமயத்தில் கையையே பறித்திருக்கிறது.

ஆகவே நீவிவிடக் கை நீட்டுமுன் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்து விழிப்பு வருகிறதா, கட்டைவிரல் அடிச்சதை வற்றுகிறதா, கையிலிருந்து பொருள் நழுவுகிறதா? அப்படியென்றால் முதலில் போக வேண்டியது மருத்துவரிடம். வெறும் பிடிப்புதான் என்று அவர் சொன்ன பிறகு, கை வைப்பவரின் படிப்பைக் கேளுங்கள். பிசியோதெரபிஸ்டுகள் உள்ளிட்ட துணை மருத்துவத் துறையினரைப் பதிவு செய்ய 2021-இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது. வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி எதையும் சொல்லித் தராமல், வாராவாரம் படுக்க மட்டும் வைக்கும் இடமாக இருந்தால், வேறு இடம் பாருங்கள்.