கார்ப் பாட்டு கரகரக்கிறதா? கிளிப்பிங்கைக் கண்டுபிடிப்பதும் தடுப்பதும்

ஹம் காமாட்சி அம்பாள் தேருக்கோ, தூரத்து மண்டபமொன்றில் நடக்கும் கலியாணத்துக்கோ போகும்போது எம்மவர் கார்களில் பாட்டு இல்லாத பயணம் குறைவு. அவுட்டோபானில் வேகம் கூடக்கூட, சில்லுச் சத்தத்தை மேவ ஒலியையும் கூட்டுகிறோம். ஒரு கட்டத்தில் பாட்டு பெரிதாகாமல் கரகரக்கத் தொடங்குகிறது. உடனே "ஸ்பீக்கர் சரியில்லை" என்று புதிது வாங்குவோர் பலர். ஆனால் பல வேளைகளில் பிழை ஸ்பீக்கரில் இல்லை, அதற்குப் போகும் மின்சைகையில்தான் இருக்கிறது.

என்ன நடக்கிறது?

பாட்டு, மின்சைகையாக ஏறி இறங்கும் ஓர் அலை. அம்பிளிபயர் தனக்குக் கிடைக்கும் வோல்ட் அளவுக்குள்தான் அந்த அலையைப் பெருக்க முடியும். அதற்கு மேல் கேட்டால், அலையின் முகடும் பள்ளமும் கத்தரியால் வெட்டியதுபோலத் தட்டையாகிவிடும். இதுவே கிளிப்பிங்.

கார் ஓடும்போது கிடைப்பது ஏறத்தாழ 14.4 வோல்ட். சாதாரண கார் ரேடியோ அதை உயர்த்துவதில்லை. 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது சுத்தமான அலையாகத் தரக்கூடிய உச்ச வலு, கணக்குப்படி 26 வாட். இழப்புகள் போனால் 20 வாட் அளவில் நிற்கும். அப்படியானால் பெட்டியில் "4 x 50 வாட்" என்று எப்படிப் போடுகிறார்கள்? 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுத்துப் பாருங்கள், 51.8 வரும். அலை முற்றாக வெட்டுப்பட்டுச் சதுரமாகிய பிறகு கிடைக்கும் வலு அது. கரகரப்பின் வலுவைத்தான் பெட்டியில் பெரிதாக அச்சிடுகிறார்கள். ஆகவே யேர்மனியில் வாங்கும்போது "மூசிக்லைஸ்டுங்", "மாக்ஸ்" என்ற எண்களை விட்டுவிட்டு, "சீனுஸ்லைஸ்டுங்" அல்லது ஆர்.எம்.எஸ். எண்ணைப் பாருங்கள்.

உச்ச அளவு ஒன்றாக இருந்தாலும், சதுர அலை சுத்தமான அலையைவிட இரு மடங்கு வலுவைக் கொண்டுபோகிறது. ஸ்பீக்கரின் கம்பிச் சுருள் அந்தச் சூட்டைத் தாங்காமல் கருகுகிறது. வெட்டுப்படும்போது புதிதாகப் பிறக்கும் உயர் ஒலிகள் ட்வீட்டருக்குப் போவதால் அதற்கும் ஆபத்து.

காதால் கண்டுபிடித்தல்

நாதஸ்வரப் பாட்டில் கிளிப்பிங் எளிதில் பிடிபடாது. அதன் ஒலியே உயர் ஒலிகள் நிறைந்தது. புல்லாங்குழலோ தனிக் குரலோ உள்ள நல்ல பதிவை எடுங்கள். மெதுவாகக் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் குரல் சொரசொரப்பாகிறதோ, அதுவே எல்லை. அதற்கு இரண்டு மூன்று படி கீழே நில்லுங்கள். குறைந்த ஒலியிலும் கரகரத்தால் பதிவிலேயே பிழை இருக்கலாம். வெட்டுப்பட்ட பதிவை எந்த அம்பிளிபயரும் திருத்தாது.

மல்ரிமீற்றரால் அளத்தல்

தனி அம்பிளிபயரும் சப்வூஃபரும் பூட்டியவர்கள் இப்படிச் செய்யலாம்:

1. பேஸ், ட்ரெபிள், லவுட்னஸ் எல்லாவற்றையும் பூச்சியத்தில் வையுங்கள். பேஸ் பூஸ்ட்டை நிறுத்தி, கெயினை ஆகக் குறையுங்கள்.
2. சப்வூஃபர் வயர்களைக் கழற்றுங்கள். முனைகள் ஒன்றோடொன்று முட்டக்கூடாது.
3. 0 டெசிபெல் அளவில் பதிவான 50 ஹேர்ட்ஸ் சைன் ஒலியைப் போட்டு, ரேடியோ ஒலியை முக்கால் பங்கில் வையுங்கள்.
4. ஆர்.எம்.எஸ். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 100 வாட், 4 ஓம் என்றால் 20 வோல்ட். அம்பிளிபயர், சப்வூஃபர் இரண்டில் குறைந்த வாட்டையே கணக்கில் எடுங்கள்.
5. மாறுமின்னோட்ட அளவீட்டில் அந்த வோல்ட் வரும்வரை கெயினைக் கூட்டி, பின் சற்றுக் குறையுங்கள்.

மல்ரிமீற்றர் அலையின் வடிவத்தைக் காட்டாது. வெட்டுப்படுவதைக் கண்ணால் பார்க்க ஓசிலோஸ்கோப் வேண்டும்.

தடுக்கும் பழக்கங்கள்

கெயின் என்பது ஒலியைக் கூட்டும் திருகி அல்ல. ரேடியோவின் சைகையை அம்பிளிபயருக்குப் பொருத்துவதே அதன் வேலை. பேஸை 3 டெசிபெல் கூட்டினால் இரு மடங்கு வலு வேண்டும், 6 டெசிபெல் என்றால் நான்கு மடங்கு. மெல்லிய மின்வயரும் வோல்ட்டை இறக்கும்.

நிறுத்திய காரில் இன்னும் கவனம் தேவை. எஞ்சினைத் தேவையில்லாமல் ஓடவிடுவதை யேர்மனிய வீதிப் போக்குவரத்து ஒழுங்கு (எஸ்.டி.வி.ஓ.) 30ஆம் பிரிவு தடுக்கிறது. எஞ்சினை நிறுத்தினால் பற்றரியில் இருப்பது ஏறத்தாழ 12.6 வோல்ட். வலு கால் பங்கு அளவில் குறைந்துவிடும். ஓடும்போது சுத்தமாகக் கேட்ட அதே ஒலி அளவு, கோவில் வாகனத் தரிப்பிடத்தில் கரகரக்கலாம். குளிர்காலத்தில் பற்றரி மேலும் தளரும்.

அதே ஒழுங்கின் 23ஆம் பிரிவு, கருவிகளால் தன் கேட்டல் தடைப்படாமல் பார்ப்பது சாரதியின் பொறுப்பு என்கிறது. பின்னால் வரும் அம்புலன்ஸின் சைரன் கேட்காத அளவுக்குப் பாட்டு இருந்தால், கிளிப்பிங் இல்லாவிட்டாலும் அது அளவுக்கு மிஞ்சியதே. புது ஸ்பீக்கருக்குக் காசு கொடுக்கமுன், திருகியை இரண்டு படி குறைத்துக் கேட்டுப் பாருங்கள்.