பாவுக் கணக்கும் நெசவாளர் உழைப்பும்

கைத்தறி நெசவில் பின்னர் மாற்றவியலாத முடிவுகள் பாவோடும்போதே எடுக்கப்படுகின்றன. ஊடையில் நேரும் குறையை நெய்யும்போதே ஓரளவு சரிசெய்யலாம். பாவின் நீளமும் இழையெண்ணிக்கையும் தறியேறிய பின்னர் கூடுவதில்லை. எனவே, இக்கணக்கை வரையறுக்கும் அதிகாரம் எவர் கையில் இருந்தது என்பது சமூக வரலாற்று வினாவுமாகும்.

சோழமண்டலக் கரையின் ஏற்றுமதித் துணி வணிகத்தில் இக்கணக்கின் அலகு புஞ்சம் ஆகும். ஒரு புஞ்சம் 120 பாவிழைகளைக் கொண்டது. 14 புஞ்சத் துணிக்கு 1,680 இழைகள் வேண்டும். 18 யார் துணி பெறுதற்கு, நெசவிற் சுருங்குவதையும் தறியில் எஞ்சும் நுனியையும் கருதி, 20 யார் பாவு ஓடுவதாகக் கொள்வோம். அதற்கு வேண்டும் நூல் 33,600 யார். 840 யார் ஒரு கழி என்னும் ஆங்கில அளவின்படி இது 40 கழியாகும். ஓர் இறாத்தலில் அடங்கும் கழிகளின் எண்ணிக்கையே நூலின் இலக்கமாதலால், 40ஆம் இலக்க நூலாயின் 1 இறாத்தலும், 20ஆம் இலக்கமாயின் 2 இறாத்தலும் போதும். 19ஆம் நூற்றாண்டில் ஆலை நூல் பரவுமுன்னர் இவ்வசதி இருக்கவில்லை. கைராட்டை நூலின் பருமன் இழைக்கிழை வேறுபட்டமையால், எடையைக் கொண்டு நீளத்தைத் துணிதல் அரிதாயிற்று. நெசவாளர் தம் அனுபவத்தையே நம்பவேண்டியிருந்தது.

18ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பனி முற்பணம் கொடுத்துத் துணி பெற்றது. புஞ்சம், நீளம், அகலம், விலை ஆகியன முன்னரே வரையறுக்கப்பட்டன. நூல் விலையோ பஞ்சகாலங்களில் உயர்ந்தது. 14 புஞ்சத்தை 13 ஆகக் குறைத்து, அதே அகலத்திற் பரப்பினால், பாவு நூலில் பதினான்கில் ஒரு பங்கு மிஞ்சும். கம்பனியார் இத்தகைய குறைப்பை மோசடி என்றனர். ஆயின், விலையுயர்வின் சுமை முழுவதும் உற்பத்தியாளர் மீதே சுமத்தப்பட்ட நிலையில், அது அவர்களுக்கு எஞ்சியிருந்த தற்காப்பு எனவுங் கொள்ளத்தக்கது.

இன்னொன்றும் நோக்கற்பாலது. தெருவிற் கோல் நட்டுப் பாவோடும் முறையில், ஒரு நடைக்கு 2 இழை வீதம் மேற்கூறிய பாவுக்கு 840 நடைகள் வேண்டும். அவற்றின் மொத்தத் தூரம் 16,800 யார், அதாவது ஒன்பதரை மைலுக்கு மேல். குடும்பத்துப் பெண்களும் சிறுவர்களும் பங்குகொண்ட இவ்வுழைப்புக்குத் தனிக் கூலி இல்லை. புஞ்சக் கணக்கில் இழை எண்ணப்பட்டது, நடை எண்ணப்படவில்லை. கைத்தறியின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டையும் ஒருங்கே கணக்கிடல் வேண்டும்.