மலையகத்தின் இயந்திர நூதனசாலைகள்

கைத்தொழில் நகரம் என்றவுடன் வானளாவும் புகைபோக்கிகளும் நெருக்கமான தெருக்களுமே மனக்கண்முன் தோன்றும். இலங்கையின் மத்திய மலைநாட்டை எவரும் அவ்வாறு எண்ணுவதில்லை. நுவரெலியாவுக்குச் செல்வோர் குளிரையும் பூங்காவையும் நாடிச் செல்கின்றனர். அட்டனில் இறங்குவோரிற் பலர் சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர். ஆயினும் இந்நாட்டின் முதற் பெருங் கைத்தொழில் வேரூன்றி வளர்ந்தது இம்மலைகளிலேதான். ஒரே நகரமாகத் திரளாமல், மலைக்கு ஓர் ஆலையாகச் சிதறிக் கிடப்பதால் அது நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

நாவலப்பிட்டியைக் கடந்து புகையிரதம் மேலேறும்போது, பசுஞ் சரிவுகளினிடையே நீண்டுயர்ந்த கட்டடங்கள் சில தென்படும். மூன்று நான்கு மாடிகள். சுவர் முழுவதும் வரிசை வரிசையாகச் சாளரங்கள். தோட்ட மக்கள் அதனை 'ஸ்டோர்' என்பர். அத்தனை சாளரங்கள் எதற்கு? பறித்த கொழுந்தை மேல்மாடிகளிலே சாக்குத் துணித் தட்டுகளிற் பரப்பிப் பல மணி நேரம் வாட்ட வேண்டும். அதற்குக் காற்று வேண்டும். வாடிய கொழுந்து கீழ்த்தளத்துக்கு இறங்கி உருளை இயந்திரத்துள் விழும். கட்டடத்தின் உருவத்தை வகுத்தவர் சிற்பி என்பதைவிடக் கொழுந்து என்பதே பொருந்தும். பிற்காலத்தில் விசிறி பொருத்திய நீண்ட தொட்டிகள் வந்தபின், மேல்மாடிகளின் தேவை குறைந்துவிட்டது.

இத்தகைய ஆலையொன்றை உள்ளே சென்று நிதானமாகப் பார்க்க விரும்புவோர் கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தானைக்குச் செல்லலாம். 1925இல் எழுந்த அத்தொழிற்சாலை பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. தேயிலைச் சபையும் தோட்டத் துரைமார் சங்கமும் முன்னின்று அதனைத் திருத்தி, 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறந்தன. பழைய எஞ்சின்களும் உருளைகளும் உலர்த்தும் அடுப்புகளும் கீழ்த்தளத்தில் நிற்கின்றன. அதற்கு மேலே, இந்நாட்டில் வாணிகத் தேயிலைச் செய்கையைத் தொடக்கிவைத்த ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்கள் உள்ளன.

ஸ்கொத்லாந்தில் 1835இற் பிறந்த டெய்லர், 1852இல் இங்கு வந்து லூல்கந்துரத் தோட்டத்திற் பணி ஏற்றார். 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அக்காலத்தில் மலைநாடு கோப்பி நாடாக இருந்தது. ஈராண்டு கழித்து, 1869இல், கோப்பி இலையிலே துருநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. 19 ஏக்கரில் முளைத்த பயிர் 1900ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 4 இலட்சம் ஏக்கருக்குப் பரவிற்று.

டெய்லரின் முதல் 'தொழிற்சாலை' அவருடைய பங்களா விறாந்தைதான். மேசையின் மீது கொழுந்தைப் பரப்பி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கையால் உருட்டிப் பிசைந்தனர். களிமண் அடுப்பிற் கரி நெருப்பு மூட்டி உலர்த்தினர். இந்த உருட்டலே தேயிலையின் உயிர்நாடி. உருட்டும்போது இலையின் கலங்கள் உடைந்து சாறு வெளிப்படுகிறது. அது காற்றிற் பட்டுச் செப்பு நிறம் பெறுகிறது. மணமும் சுவையும் அப்போதே பிறக்கின்றன. தக்க வேளையில் வெப்பக் காற்றைச் செலுத்தி அம்மாற்றத்தை நிறுத்த வேண்டும். சற்றே பிந்தினாலும் சரக்குக் கெட்டுவிடும். ஒரு றாத்தல் தேயிலைக்கு நாலு றாத்தலுக்கு மேற்பட்ட பச்சைக் கொழுந்து வேண்டும். பெருகி வந்த கொழுந்தை முழங்கையால் உருட்டி முடியுமா? 1872இல் டெய்லர் தாமே ஓர் உருட்டும் பொறியை அமைத்தார். ஏறத்தாழ அதே காலத்தில் அசாமில் வில்லியம் ஜாக்சன் என்பவரும் உருளை இயந்திரத்தை உருவாக்கினார். பின்னர் ஜாக்சனின் இயந்திரங்களை இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரத்து மார்ஷல் கம்பெனி வார்த்தனுப்பியது. உலர்த்தும் இயந்திரங்கள் பெல்பாஸ்ற் நகரிலிருந்து வந்தன. அங்கே 'சிரோக்கோ' ஆலையை 1881இல் நிறுவிய சாமுவேல் டேவிட்சன், அசாம் பகுதியிலே தோட்ட வேலை பார்த்தவர்.

இவ்வியந்திரங்களைச் செய்தோர் பெயர்கள் இரும்பிலே வார்க்கப்பட்டுள்ளன. நூற்றாண்டு கழிந்தும் எழுத்து மறையவில்லை. இயந்திரத்துக்குக் கொழுந்து ஊட்டியவன் பெயரை எங்கே தேடுவது? தோட்ட மக்கள் தம் வழியிலே இதற்கொரு குறிப்பு வைத்துள்ளனர். ஸ்டோரில் வேலை செய்தோர் 'ரோதைமுனி' என்றொரு தெய்வத்தை வழிபட்டனர். ரோதை என்றால் சக்கரம். சுழலும் சக்கரமும் ஓடும் பட்டியும் கையைப் பறித்துவிடாமற் காக்க ஒரு முனி தேவைப்பட்டார். கவ்வாத்து வெட்டுவோருக்குக் கவ்வாத்துச் சாமியும் உண்டு. ஆலையின் அபாயத்தை உணர்த்துவதற்கு இவ்வழிபாட்டைவிடச் சிறந்த ஆவணம் வேறில்லை.

தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகம் சேர்த்த புகையிரதப் பாதையின் கதையைக் கடுகண்ணாவையிற் காணலாம். இலங்கைப் புகையிரதத்தின் 150ஆம் ஆண்டு நிறைவில், 2014 திசம்பர் 27ஆம் நாள், அங்கே நூதனசாலை திறக்கப்பட்டது. கோப்பிக்காக 1867இற் கண்டி சேர்ந்த பாதை, 1885இல் நானுஓயாவை அடைந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு 1904இல் ஒரு சிறு பாதையும் ஓடிற்று. மோட்டார் லொறியுடன் போட்டியிட இயலாமல் 1948இல் அது மூடப்பட்டது. இன்று தண்டவாளமும் இல்லை.

கந்தப்பளையில் வேறொரு முறை. அங்கே கைவிடப்பட்ட ஹெதர்செற் தொழிற்சாலை 1990களில் உல்லாச விடுதியாக மாறிற்று. கொழுந்து வாடிய மாடிகளில் இப்போது விருந்தினர் உறங்குகின்றனர். பழைய இயந்திரங்களை அகற்றாமல் வைத்திருப்பது பாராட்டத்தக்கது.

இவற்றையெல்லாம் பார்த்தபின்னும் ஒரு குறை நெஞ்சை உறுத்தும். அக்குறையைத் தீர்க்க முயல்வது கம்பளைக்கு அருகே பாரதெக்கவில், பழைய லய அறைகளில், 2007இற் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் நூதனசாலை. இது அரசோ கம்பெனிகளோ அமைத்ததன்று. சமூக அபிவிருத்தி நிறுவனம் என்னும் தொண்டு நிறுவனத்தின் முயற்சி. பெரிய இயந்திரம் எதுவும் இங்கில்லை. தொழிலாளர் வீட்டுப் பாத்திரங்கள், வேலைக் கருவிகள், பழைய பத்திரங்கள் ஆகியனவே உள்ளன. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தோரின் வாழ்வை இவை பேசுகின்றன. 'துண்டு' என்ற சீட்டின் கதையை இங்கே நினைவுகூரவேண்டும். தொழிலாளியின் கடன் அச்சீட்டில் எழுதப்பட்டது. புதிய தோட்டம் அக்கடனை ஏற்றாலன்றி அவனுக்கு இடமாற்றம் இல்லை. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பின்னர் 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இன் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. அவ்வாறு கப்பலேறிய குடும்பங்களின் தட்டுமுட்டுகளும் கடிதங்களும் இங்கே சேர்க்கப்படவேண்டியவை.

கடுகண்ணாவை, ஹந்தானை, கம்பளை ஆகிய மூன்றும் ஒரே நாளிற் பார்க்கக்கூடிய தொலைவிலேயே உள்ளன. பாடசாலைச் சுற்றுலாக்களை ஒழுங்குசெய்வோர் முதலிரண்டுடன் திரும்பிவிடாமல், கம்பளையையும் சேர்த்துக்கொள்வது நன்று. கூடுமானால் அதனையே முதலிற் பார்க்கலாம். லய அறையின் அளவைக் கண்டபின் ஹந்தானையின் உருளை இயந்திரத்தைக் காணும் மாணவன், அதன்மீது பொறித்த கம்பெனிப் பெயரை வாசித்ததும், அதனை ஓட்டியவர் யாரென்று ஆசிரியரைக் கேட்பான்.