கடல் எதுவரை வந்தது? கரையோர மண் சொல்லும் கணக்கு!

கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிணறு வெட்டும்போது சிப்பி கிடைத்தால், "ஒரு காலத்துல இங்க கடல் இருந்துச்சு" என்பார்கள் பெரியவர்கள். இதை எப்படி உறுதி செய்வது?

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டருக்கும் கீழே இருந்தது. பாக் நீரிணை அப்போது வெறும் தரை! பனி உருகியதும் கடல் ஏறியது.

மண்ணில் என்ன தெரியும்?

நீளக் குழாயை இறக்கி, அடுக்கு கலையாமல் மண்ணை எடுக்கிறார்கள். அடியில் நன்னீர்ச் சதுப்பின் மக்கிய செடிகள், மேலே கடல் சேறு என்றால், கடல் உள்ளே வந்திருக்கிறது. ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகள், அந்த இடத்தின் உப்பையும் ஆழத்தையும் காட்டிக்கொடுக்கும். வயதைச் சொல்வது கார்பன்-14. வேதாரண்யத்தில் வரிசையாகக் கிடக்கும் மணல் மேடுகளும் பழைய கரைக்கோடுகள்தான்.

ஏமாறவும் வாய்ப்பு உண்டு

களிமண்ணுக்கு நடுவே ஒரே ஒரு மெல்லிய மணல் அடுக்கு இருந்தால், அது சுனாமியோ புயலோ கொண்டுவந்ததாக இருக்கலாம். 2004-ல் நம் கரையிலும் அப்படி மணல் படிந்தது. டெல்டாக்களில் நிலமே தாழும். அதனால் பல இடங்களை ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்வார்கள்.

இப்போது ஏன் முக்கியம்?

1900-க்குப் பிறகு கடல் சுமார் 20 செ.மீ. உயர்ந்துவிட்டது. குறைந்தது 3,000 ஆண்டுகளில் எந்த நூற்றாண்டிலும் இவ்வளவு வேகம் இல்லை என்கிறது ஐ.நா.வின் ஐபிசிசி. அளவுகோல் இல்லாத அந்தக் காலத்துக்கு, சேறுதான் முக்கிய சாட்சி.