எஞ்சின் ஓடும் நேரமும் பயிற்றுநரின் கூலியும்

அமெரிக்காவில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநரின் ஊதியம் நெடுங்காலமாக எஞ்சின் ஓடும் நேரத்தைக் கொண்டே பெரும்பாலும் கணக்கிடப்பட்டு வந்துள்ளது. பயிற்சி விமானத்தின் முகப்புப் பலகையில் பொருத்தப்படும் ஹாப்ஸ் மீட்டர், ஒரு மணியைப் பத்துப் பங்காக்கி ஆறு ஆறு நிமிடங்களாகக் காட்டும் சிறு கருவியாகும். மாணவர் தரும் விமான வாடகைக்கும் பயிற்றுநரின் கூலிக்கும் பல பள்ளிகளில் அதுவே அளவுகோலாயிற்று.

இத்தொழில் உருப்பெற்ற இடம் இங்கிலாந்து எனலாம். முதல் உலகப் போரின் தொடக்க ஆண்டுகளில் போர்முனையில் களைத்த விமானிகள் பலர் பயிற்றுநராக அனுப்பப்பட்ட நிலையில், கற்பித்தலும் தனியே பயில வேண்டிய கலை என்று உணர்ந்த ராபர்ட் ஸ்மித்-பாரி, 1917இல் காஸ்போர்ட்டில் அதற்கென ஒரு பள்ளியை நடத்தி, பறக்கும்போதே ரப்பர் குழாய் வழியாக மாணவரிடம் பேசிக் கற்பிக்கும் முறையைப் பரப்பினார். அமெரிக்காவில் 1939இல் சட்டமான குடிமக்கள் விமானி பயிற்சித் திட்டத்தின்கீழ் 1944 வரை நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயின்றதால், பயிற்றுநருக்கான தேவை பெருகியது. அக்காலப் பயிற்றுநர்களுள் ஒருவரான கார்னீலியா ஃபோர்ட், 1941 டிசம்பர் 7 காலையில் ஹொனலூலுவில் மாணவர் ஒருவருடன் பறந்துகொண்டிருந்தபோது, நேரெதிரே வந்த விமானத்தைக் கண்டு கட்டுப்பாட்டைத் தம் கைக்கு மாற்றி மேலெழும்பித் தப்பினார். அந்த விமானத்தின் இறக்கையில் ஜப்பானின் செவ்வட்டம் இருந்தது.

பயிற்றுநரின் அன்றாட வேலையில் பெரும்பகுதி தரையில்தான் நடக்கிறது. விடியலில் வானிலை அறிக்கையைப் படித்து, இறக்கையின் அடியிலுள்ள வடிகுழாயிலிருந்து நீல நிற எரிபொருளைச் சிறிதளவு கண்ணாடி போன்ற குப்பியில் பிடித்து, வெளிச்சத்தில் உயர்த்தி, அடியில் நீர் தங்கியுள்ளதா என்று பார்க்க மாணவரைப் பழக்குவதும், தரையிறங்கிய பின் பிழைகளை விளக்கி அவரது பறப்புப் பதிவேட்டில் கையொப்பமிடுவதும் பாடத்தின் உயிரான பகுதிகள். ஆயினும் மீட்டரை மட்டுமே நம்பிய பள்ளிகளில் இவற்றுக்குக் கூலி இல்லை. காற்று வலுத்துப் பாடம் தள்ளிப்போனால் அன்றைய வருமானமும் போயிற்று.

சட்டமும் ஏறக்குறைய இதே கணக்கையே பின்பற்றியது. எந்த 24 மணி நேரத்திலும் 8 மணிக்கு மேல் பறப்புப் பயிற்சி அளிக்கலாகாது என்னும் விதி, தரைப் பாடத்தையும் காத்திருப்பையும் எண்ணுவதில்லை. எனவே விதியை மீறாமலேயே ஒருவர் விடியல் முதல் இரவு வரை விமான நிலையத்தில் கிடக்க நேர்ந்தது.

குறைந்த கூலிக்கும் பலர் இத்தொழிலுக்கு வந்ததற்குக் காரணம், பயிற்றுவிக்கும் நேரமும் அவர்களது சொந்தப் பதிவேட்டில் ஏறியதே. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் நிறுவன விமானம் விழுந்து 50 பேர் இறந்த பின், பயணிகள் விமான நிறுவனங்களின் துணை விமானிக்கு 250 மணி நேர அனுபவமே போதும் என்றிருந்த நிலை மாறி, 2013 முதல் பொதுவாக 1,500 மணி தேவைப்பட்டதால், அந்த இடைவெளியை நிரப்பும் முக்கிய வழியாகப் பயிற்றுநர் வேலை மேலும் வலுப்பெற்றது. அதே விபத்து விமானிகளின் களைப்பையும் விவாதப் பொருளாக்கியதன் விளைவாக, பயணிகள் விமான நிறுவனங்களின் விமானிகளுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பணி நேரத்தை வரையறுக்கும் புதிய விதிகள் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. அந்த விமானிகளுள் பலரை உருவாக்கிய பயிற்றுநர்களுக்கு அவை பொருந்தவில்லை.