மனுஷனை மெஷின் ஏன் விட்டுவைக்கிறது?

உலகத்தையே பிடித்துவிட்ட இயந்திரங்கள் மனுஷனை எதற்கு உயிரோடு வைத்திருக்கணும்? அறிவியல் புனைகதை படிக்கிற எல்லோருக்கும் ஒருநாள் வரும் சந்தேகம் இது. 1999-ல் வந்த 'தி மேட்ரிக்ஸ்' படம் சொன்ன பதில்: பேட்டரியாக. எஞ்சினியரிங் படித்தவன் ஒத்துக்கொள்ள மாட்டான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் விடும் வெப்பம் சுமார் 100 வாட். அவருக்குப் போடும் சாப்பாட்டை அடுப்பில் எரித்தாலே போச்சு, நடுவில் மனுஷன் எதற்கு? ஹார்லன் எல்லிசனின் 1967 கதையில் ஒரு கம்ப்யூட்டர் ஐந்து பேரை வதைப்பதற்காகவே வைத்திருக்கும். (சுஜாதாவின் ஜீனோ மனுஷங்க பக்கம் நின்ற இயந்திரம். அது வேற கணக்கு.)

எனக்குச் சரியாகப் படுவது இவற்றுக்கெல்லாம் மூத்த பதில். காரல் சாப்பெக்கின் 'ஆர்.யு.ஆர்.' நாடகம், 1921 ஜனவரியில் பிராக் நகரில் அரங்கேறியது. 'ரோபோ' என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். 'ரொபோட்டா' என்றால் செக் மொழியில் கட்டாய உழைப்பு. சோழர் கல்வெட்டுகளில் வருமே 'வெட்டி', கிட்டத்தட்ட அதேதான். நாடகத்தில் ரோபோக்கள் எல்லோரையும் கொன்றுவிட்டு ஆல்குவிஸ்ட் என்ற ஒரே ஆளை விட்டுவைக்கும். காரணம், அவர் தங்களைப் போலவே கையால் வேலை செய்கிறவர்.

கை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இந்தப் பதிலைக் கண்ணால் பார்க்கலாம். கார் ஆலைகளில் பாடி வெல்டிங்குக்கு ரோபோ உண்டு. ஆனால் வயரிங் ஹார்னஸை வளைத்துச் சொருகுவது மனுஷன். இரும்புத் தகடு சொன்ன இடத்தில் நிற்கும், வயர் நிற்காது. ஃபாக்ஸ்கான் தலைவர் டெர்ரி கோ, மூன்று வருஷத்தில் 10 லட்சம் ரோபோ வைப்பேன் என்று 2011-ல் அறிவித்தார். நடக்கவில்லை. சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் கோர்ப்பது ஆயிரக்கணக்கான இளம்பெண்களின் விரல்கள். மாடல் மாறினால் ரோபோவுக்குப் புது ஜிக், புது புரோகிராம் வேணும். ஆளுக்குச் சில நாள் பயிற்சி போதும்.

சரி, வைத்திருப்பது எப்படி? பஸ், கேண்டீன், விடுதி. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண்கள் தங்கிய விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டு, மறுபடி திறந்தது 2022 ஜனவரி 12-ல். சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தரமாக இல்லை என்று ஆப்பிளே ஒத்துக்கொண்டது. ரோபோ படுத்துக்கொண்டால் மெயின்டனன்ஸ் ஆள் ஓடி வருவார். இவர்கள் ரோட்டுக்கு வரவேண்டியிருந்தது.

ஆல்குவிஸ்டுக்கு ஒரு வசதி இருந்தது. ரோபோ செய்யும் சூத்திரம் எரிந்துபோனதால் அவரிடம் ரோபோக்களே கெஞ்சி நிற்கும். நோக்கியாவில் அப்படி யாரும் நிற்கவில்லை. 2006-ல் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை வரி வழக்கில் சிக்கியது. மைக்ரோசாஃப்ட் கைபேசித் தொழிலை வாங்கியபோது இதை மட்டும் விட்டுவிட்டது. 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் போய்விட்டார்கள். ஓய்வு என்றுதான் பெயர். போனவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருந்தவர்கள்.